தசைப்பிடிப்பு மாத்திரை: கூடவே வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?

வாசகி ஒருவரின் கேள்வி:

"எனக்கு 48 வயது. ஆசிரியை. போன வாரம் ஒரு கனமான பெட்டியை நகர்த்தும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. மருத்துவர் டைசானிடின் 2 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை, 7 நாளைக்கு எழுதிக்கொடுத்தார். கூடவே டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை. எனக்கு ஏற்கெனவே இரத்த அழுத்தம் உண்டு, தினமும் ஆம்லோடிபின் சாப்பிடுகிறேன். முதல் நாள் இரவு மாத்திரை போட்டுப் படுத்தேன். நடு இரவில் பாத்ரூம் போக எழுந்தபோது கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயும் உலர்ந்துபோகிறது. மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடலாமா? ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகவேண்டும், ஓட்டலாமா? மீதமாகும் மாத்திரையை 75 வயதான என் அம்மாவின் மூட்டுவலிக்குக் கொடுக்கலாமா? இதற்கிடையில் நீர்க்கடுப்பும் வந்துவிட்டது. அதற்கு வேறொரு மருத்துவர் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்திருக்கிறார், நாளை தொடங்கவேண்டும். அது தனி விஷயம், கேள்விகள் மேலே உள்ளவைதான்."

மருந்தாளுநரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன், தனி விஷயம் என்று கடைசியில் எழுதிவிட்டுப் போனீர்களே, அதைத்தான் முதலில் பேசவேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தவுடனேயே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இங்கே மற்றவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

டைசானிடினும் சிப்ரோஃப்ளாக்சசினும் ஒன்றாகச் சாப்பிடக்கூடாத மருந்துகள். "கொஞ்சம் கவனமாக இருங்கள்" என்று சொல்லி விடுகிற வகை இல்லை, கூடவே கூடாது என்ற வகை. டைசானிடினை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட நொதி. சிப்ரோஃப்ளாக்சசின் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. வடிகால் அடைபட்ட தொட்டியில் தண்ணீர் ஏறுகிற மாதிரி, இரத்தத்தில் டைசானிடின் ஏறிக்கொண்டே போகும். சோதித்துப் பார்த்ததில் உடலில் சேரும் அளவு சுமார் 10 மடங்கு கூடியது. அதாவது நீங்கள் விழுங்குவது 2 மில்லிகிராம், உடம்பு தாங்குவது 20 மில்லிகிராமுக்குச் சமம். 2 மில்லிகிராமுக்கே நடு இரவில் கண் இருட்டியது என்கிறீர்கள். மிச்சத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள். இரத்த அழுத்தம் சட்டென்று விழும், நாடித்துடிப்பு குறையும், எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம் வரும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவதற்கு முன் இரண்டு மருத்துவர்களில் ஒருவரையாவது தொலைபேசியில் பிடித்து, இரண்டு மருந்துகளின் பெயரையும் சொல்லுங்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை டைசானிடினைப் போடவேண்டாம். சில நாட்களாக, குறைந்த அளவில் மட்டுமே சாப்பிட்டவர் நீங்கள். ஓரிரு வேளை விட்டுப்போனால் ஆபத்து இல்லை, பிடிப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம், அவ்வளவுதான். நீர்த்தொற்றுக்கான மருந்தை மட்டும் நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள், அது தேவை. அதற்கு வேறு ஆன்டிபயாடிக் இருக்கிறது, பிடிப்புக்கும் வேறு வழி இருக்கிறது. எதை மாற்றுவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இன்னொன்றையும் அதே அழைப்பில் சொல்லிவிடுங்கள். இடுப்புவலியும் நீர்க்கடுப்பும் ஒரே வாரத்தில் வந்திருக்கின்றன. பெட்டியை நகர்த்தியபோது பிடித்தது என்பதால் தசைப்பிடிப்பாகவே இருக்கலாம். ஆனால் நீர்த்தொற்று சிறுநீரகம் வரை ஏறினாலும் முதுகின் ஒரு பக்கத்தில், விலா எலும்புக்குக் கீழே வலிக்கும். கூடவே காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி இருந்தால் அது வேறு கதை, உடனே நேரில் பார்க்கவேண்டும். முதல் மருத்துவருக்கு நீர்க்கடுப்பு தெரியாது, இரண்டாமவருக்கு இடுப்புவலி தெரியாது. இரண்டையும் அறிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

மருந்துக்கடையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "ஒன்றும் இல்லை" என்பார்கள். சீட்டை மடித்துப் பைக்குள் வைக்கும்போது, "பிரஷர் மாத்திரை மட்டும் உண்டு, அது எப்போதும் சாப்பிடுவதுதானே" என்பார்கள். எப்போதும் சாப்பிடுவதுதான் முதலில் சொல்லவேண்டியது. தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, கருத்தடை மாத்திரை, மூலிகைச் சூரணம், எதையும் விடவேண்டாம். நினைவில் நிற்காது என்றால் அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துவந்து காட்டுங்கள்.

சரி, இப்போது அந்த நடு இரவுக்கு வருவோம். மாத்திரையைப் போடுவது பற்றி இனி சொல்வதெல்லாம், மருத்துவர் டைசானிடினைத் தொடரச் சொன்னால் மட்டுமே உங்களுக்குப் பொருந்தும்.

தசையைத் தளர்த்தும் மாத்திரை என்றவுடன் அது நேராக இடுப்புத் தசைக்குப் போய் முடிச்சை அவிழ்க்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான மாத்திரைகள் அப்படி வேலை செய்வதில்லை. அவை வேலை செய்வது மூளையிலும் தண்டுவடத்திலும். அடிபட்ட இடத்தை அசையவிடாமல் காப்பதற்காகத் தசைக்கு "இறுகு, இறுகு" என்று நரம்பு வழியாகக் கட்டளை போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் கட்டளையைத்தான் மாத்திரை தணிக்கிறது. ஆனால் இடுப்புக்குப் போகும் கட்டளையை மட்டும் தனியாகப் பிரித்துத் தணிக்க அதற்குத் தெரியாது. விழிப்பு, கவனம், நிலை தடுமாறாமல் நிற்பது எல்லாமே கொஞ்சம் மட்டுப்படும். தூக்கக் கலக்கம் வருவது அதனால்தான்.

டைசானிடினுக்கு இன்னொரு குணம் உண்டு. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் குளோனிடின் என்ற மருந்தின் நெருங்கிய உறவு இது. போட்டு ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். உச்சத்தில் இருக்கும்போது இரத்த அழுத்தமும் இறங்கும். படுத்திருக்கும்வரை தெரியாது. சட்டென்று எழுந்தால் இரத்தம் காலுக்கு இறங்கிவிடும், அதை மேலே தள்ள உடம்புக்குச் சில நொடிகள் ஆகும், அந்த நொடிகளில் கண் இருட்டும். உங்களுக்கு ஆம்லோடிபினும் சேர்ந்து அழுத்தத்தைக் குறைத்திருக்கிறது. இதற்காகப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து, உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு தடவை அளந்து எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். "தலை சுற்றியது" என்று சொல்வதைவிட அந்த இரண்டு எண்கள் அவருக்கு அதிகம் உதவும்.

படுக்கையிலிருந்து எழும் விதத்தை மாற்றுங்கள். முதலில் ஒருக்களித்துப் படுங்கள், கையை ஊன்றி உட்காருங்கள். இடுப்புக்கும் இது நல்லது. காலைத் தரையில் வைத்துக் கட்டில் ஓரத்திலேயே ஒரு நிமிடம் இருங்கள். பாதத்தை மேலும் கீழும் பத்துத் தடவை அசையுங்கள், கெண்டைக்காலிலிருந்து இரத்தம் மேலே ஏறும். அப்புறம் எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள். எழுந்ததும் நடக்காமல் ஒரு மூச்சு நின்று பாருங்கள். பாத்ரூம் விளக்கு இந்த வாரம் முழுக்க எரியட்டும். மாத்திரை போட்ட கையோடு வெந்நீரில் நீண்ட நேரம் குளிப்பதையும் தவிருங்கள், சூடும் அழுத்தத்தைக் குறைக்கும். வாய் உலர்வது தொல்லைதான், ஆபத்தில்லை. அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் போதும்.

பாதியாக உடைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. டைசானிடினைப் பொதுவாக 2 மில்லிகிராமில் தொடங்குவார்கள், அதுவே சிலருக்கு அதிகமாக இருக்கும். சாதாரண மாத்திரையில் நடுவே கோடு இருந்தால் உடைக்கலாம். கேப்ஸ்யூலையும், மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளையும் உடைக்கவே கூடாது, நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். ஆனால் அளவைக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "பகலில் தலை சுற்றுகிறது, இரவு வேளையை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பிடிப்பால் தூக்கம் கெடுபவர்களுக்குப் பல மருத்துவர்கள் இரவு வேளையை மட்டுமே வைப்பார்கள். குறைக்கக் கேட்பதில் தப்பே இல்லை. கூட்டுவதைத்தான் யாரும் சொந்தமாகச் செய்யக்கூடாது. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடாதீர்கள். வலி குறையவில்லை என்று இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று போடுவதும் கூடாது.

உணவுக்கு முன்பா பின்பா என்பதில் டைசானிடினைப் பொறுத்தவரை ஒரே விதி. எப்படித் தொடங்கினீர்களோ அப்படியே தொடருங்கள். உணவோடு போட்டால் ஒரு மாதிரியும் வெறும் வயிற்றில் போட்டால் இன்னொரு மாதிரியும் இரத்தத்தில் ஏறும். மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு நாள் ஒன்றும் தெரியாது, மறுநாள் கிறுகிறுக்கும். டைக்ளோஃபெனாக்கை மட்டும் சாப்பிட்ட பிறகே போடுங்கள், வயிற்றைப் புண்ணாக்கும். அது இரத்த அழுத்தத்தை ஏற்றவும் கூடும் என்பதால் சொன்ன நாட்களுக்கு மேல் வேண்டாம்.

ஸ்கூட்டர் விஷயத்தில் என் பதில் சுருக்கம். மாத்திரை உங்களை என்ன செய்கிறது என்பது பழகித் தெரியும்வரை ஓட்டாதீர்கள். தெரிந்த பிறகும், போட்டதிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் ஓட்டாதீர்கள். நன்றாக விழித்திருப்பதுபோலத் தோன்றுவதை நம்பவேண்டாம். பிரேக் பிடிக்கும் கை அரை நொடி தாமதித்தாலும் அது நமக்கே தெரியாது. பிடித்த இடுப்போடு மேடு பள்ளத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவது வேறு வேதனை. இந்த ஒரு வாரம் யாரையாவது கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். ஏணி ஏறுவது, அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்குவது எல்லாமே இதில் சேர்ந்ததுதான்.

இந்த மாத்திரையோடு சேரக்கூடாதவற்றில் முதலிடம் மதுவுக்கு. நீங்கள் குடிக்காதவராக இருக்கலாம், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டும் ஒரே திசையில் மூளையை மந்தப்படுத்துபவை. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான அல்பிரசோலாம் போன்ற மாத்திரைகள், ட்ரமடால், கோடீன் போன்ற பலமான வலி மருந்துகள் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். இவற்றோடு சேர்ந்தால் மூச்சே மெதுவாகிவிடும் அளவுக்குப் போகலாம். பலர் கவனிக்காதது சளி, இருமல், அலர்ஜி மருந்துகள். குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் இருக்கும் சளி மாத்திரையோ இருமல் மருந்தோ ஒரு மூடி சேர்ந்தால் தூக்கம் இரட்டிப்பாகும். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் ஃப்ளூவாக்சமின், டைசானிடின் அளவைச் சுமார் 33 மடங்கு உயர்த்தும். அதுவும் சேரவே கூடாத ஜோடி. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு டைசானிடின் வெளியேறும் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும், அவர்களுக்குக் குறைந்த அளவே போதும்.

சில வலி மாத்திரைகளில் வலி மருந்து, பாராசிட்டமால், தசைத்தளர்வு மருந்து மூன்றும் ஒரே மாத்திரைக்குள் இருக்கும். மேலே ஒரே ஒரு வியாபாரப் பெயர்தான் பெரிதாக அச்சடித்திருக்கும். அதைப் போட்டுவிட்டு, காய்ச்சல் என்று தனியாகப் பாராசிட்டமாலும், பிடிப்பு என்று தனியாக இன்னொன்றும் போட்டால் ஒரே மருந்து இரண்டு தடவை உள்ளே போகும். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். கண் தெரியவில்லை என்றால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எத்தனை நாள் சாப்பிடலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். சாதாரண முதுகுப் பிடிப்புக்கு இவை சில நாள் மருந்துகள், அதிகம் போனால் இரண்டு மூன்று வாரம். 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. புதிதாக வந்த இடுப்புவலியில் இந்த வகை மாத்திரைகள் முதல் இரண்டு வாரத்தில், வலியை 0 முதல் 100 வரை அளக்கும் அளவுகோலில், 8 புள்ளிக்கும் குறைவாகவே வலியைக் குறைத்தன, அந்த ஆதாரமும் பலமானதாக இல்லை. மாத்திரை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. முதல் இரண்டு மூன்று இரவு தூங்க முடிந்தால், பகலில் எழுந்து நடமாட முடிந்தால், அதன் வேலை முடிந்தது. குணமாக்குவது அந்த நடமாட்டம்தான். படுக்கையிலேயே கிடந்தால் தசை இன்னும் இறுகும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடந்துகொண்டிருங்கள், வகுப்பில் ஒரே இடத்தில் நிற்காமல் இடையிடையே உட்காருங்கள். மருந்து போட்டுத் தூங்கும்போது ஹீட்டிங் பேடை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், சுட்டாலும் தெரியாது.

சீட்டில் வேறு பெயர் இருப்பவர்களுக்குச் சில வரிகள். ஒன்றுக்குச் சொன்னது இன்னொன்றுக்குப் பொருந்தாது. பேக்லோஃபென் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது, சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சிறிய அளவே குழப்பத்தையும் மயக்கத்தையும் கொண்டுவரும். பக்கவாதம், தண்டுவடப் பாதிப்பு காரணமாக அதை மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் ஒருபோதும் சட்டென்று நிறுத்தக்கூடாது. இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு, கடும் காய்ச்சல் வரை போகும். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்து வைத்துவிட்டுப் போவதுகூட அவர்களுக்கு ஆபத்து. டைசானிடினையும் அதிக அளவில் பல வாரம் சாப்பிட்டவர்கள் மெதுவாகக் குறைத்துத்தான் நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் எதிர்ப்பக்கமாகத் துள்ளி ஏறும். அப்படி நீண்டகாலம் சாப்பிடுபவர்களுக்குக் கல்லீரல் பரிசோதனையும் தேவை. சைக்ளோபென்சாப்ரின் உடலில் நீண்ட நேரம் தங்கும், இரவு போட்டது மறுநாள் பகலிலும் இழுக்கும். இதயத்துடிப்புக் கோளாறு, கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள் அதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடவேண்டும். தயோகோல்சிகோசைடை வாய்வழியாக 7 நாளுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் கட்டுப்படுத்தியது. உடலில் அது மாறி உருவாகும் ஒரு பொருள் மரபணுத் தொகுப்பைப் பாதிக்கக்கூடும் என்பதே காரணம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் அதைத் தொடவே கூடாது. காரிசோப்ரடால் பழக்கமாகிவிடும் மருந்து, அமெரிக்காவில் 2012 முதல் அது கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

அம்மாவுக்கு வேண்டாம். இதில் யோசிக்கவே இடமில்லை. 75 வயதில் மூட்டுவலி என்றால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம், அங்கே தளர்த்தவேண்டிய பிடிப்பே இல்லை. அதனால் பலன் வராது, பாதகம் மட்டும் வரும். உங்களுக்கு 48 வயதில் சுவரைப் பிடிக்க முடிந்தது. அவருக்கு அந்த நொடியில் கை எட்டாமல் போகலாம். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் பழையபடி நடப்பதே கேள்வியாகிவிடும். வயதானவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகளென்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பட்டியலில் தசைத்தளர்வு மருந்துகள் பலவும் இடம்பெற்றிருக்கின்றன. அம்மாவின் மூட்டுக்கு, தோலில் தடவும் வலி ஜெல், தொடைத் தசைக்கான பயிற்சி, கைத்தடி என்று பாதுகாப்பான வழிகள் இருக்கின்றன, அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். மீதமானதை வீட்டு மருந்துப் பெட்டியில் சேர்த்து வைக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டினால் ஒன்றிரண்டு மாத்திரையே ஆபத்தாகிவிடலாம். மருந்துக்கடையில் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டு அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு மெதுவாவது, மயங்கி விழுவது, முகமோ உதடோ வீங்குவது, கண் மஞ்சளாவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். மாத்திரைக்குச் சம்பந்தமில்லாமல் இடுப்பே தரும் எச்சரிக்கைகளும் உண்டு. தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் கழிவது, கால் பலமிழப்பது. இவை வந்தால் அதே நாளில், மணிக்கணக்கில் தள்ளிப்போடாமல் போகவேண்டும். நீர்க்கடுப்பும் உங்களுக்கு இருப்பதால், "அதனால்தான் இப்படி" என்று நினைத்து இதைத் தவறவிட வாய்ப்பு உண்டு. எரிச்சலோடு அடிக்கடி போவது நீர்க்கடுப்பு. போகவேண்டும் என்ற உணர்வே இல்லாமல் போவதும், நிரம்பியிருந்தும் வராமலிருப்பதும் நீர்க்கடுப்பு அல்ல.